கை மரத்துப்போனால் முதலில் சீட்டைப் பாருங்கள்

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். உயரம் 170 செ.மீ., எடை 66 கிலோ. கோவையில் ஒருவர் ஓட்டிய 54 அளவு ரோடு பைக்கை வாங்கியிருக்கிறீர்கள். அலுமினியச் சட்டம், கார்பன் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை), 100 மி.மீ. ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கின் தண்டோடு இணைக்கும் துண்டு), 172.5 மி.மீ. கிராங்க் (பெடலைத் தாங்கும் கை), 25 மி.மீ. டயர், சாதாரணப் பெடல். காரைக்குடியிலிருந்து கிளம்பினால் பிள்ளையார்பட்டி விலக்கு வருவதற்குள் இரண்டு கையிலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துவிடுகின்றன. திருப்பத்தூர் போய்த் திரும்பிய நாளில் முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. ஹேண்டில்பாரைக் கிட்டே கொண்டுவர 70 மி.மீ. ஸ்டெம் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அளவு தெரியாமல் வாங்கி ஏமாந்துவிட்டோமோ, விற்றுவிடலாமோ என்ற கேள்வியும் அதற்கு அடியில் இருப்பதாகப் படுகிறது. ஸ்டெம்மை இப்போது தொடாதீர்கள் என்பது முதல் கேள்விக்குப் பதில். இரண்டாவதற்கான பதில் சீட்டைச் சரிசெய்த பிறகுதான் தெரியும். அதை நீங்களே வீட்டில் செய்துகொள்ளலாம்.

காரைக்குடியில் சைக்கிள் பழுதுபார்ப்பது என் தொழில். அப்பா நடத்திய வாடகை சைக்கிள் கடைதான். இப்போது பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டைப் பக்கமிருந்து கியர் சைக்கிள்கள் வருகின்றன. சைக்கிளை ஆளுக்குப் பொருத்தும் வேலையை முறையாக ஒரு பயிற்சியில் படித்தேன். மீதியைக் கடைக்கு வந்தவர்களின் முதுகையும் முழங்காலையும் பார்த்துக் கற்றுக்கொண்டேன். நான் மருத்துவன் இல்லை. உங்களை நேரில் பார்க்கவும் இல்லை. ஆகவே எது உறுதி, எது என் அனுபவ ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

சீட்டிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கிராங்க் அச்சு சட்டத்தோடு ஒட்டியது, அதை நகர்த்த முடியாது. உங்கள் காலின் நீளத்தையும் நகர்த்த முடியாது. இந்த இரண்டும் சேர்ந்து சீட்டின் இடத்தைத் தீர்மானித்துவிடுகின்றன. ஹேண்டில்பார் எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்பதெல்லாம் சீட்டிலிருந்து அளப்பவை. சீட் தவறான இடத்தில் இருக்கும்போது ஸ்டெம்மை மாற்றினால், பிறகு சீட்டைச் சரிசெய்யும் நாளில் அந்த ஸ்டெம் மறுபடி தவறாகிவிடும். கடைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் கையில் ஏற்கெனவே வாங்கிய குட்டை ஸ்டெம்மோடுதான் வருகிறார்கள். வலிக்கிற இடத்தில்தான் கோளாறு இருக்கும் என்று நினைப்பது இயல்பு. சைக்கிளில் அது பெரும்பாலும் பொய்த்துப்போகும்.

எதையும் தளர்த்துவதற்கு முன் இப்போதுள்ள அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட் குழாயின் போக்கிலேயே சீட்டின் மேல்மட்டம் வரை ஓர் அளவு. சீட் மூக்கிலிருந்து ஹேண்டில்பாரின் நடு வரை ஓர் அளவு. தரையிலிருந்து சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் தனித்தனி அளவு. சீட் போஸ்ட் சட்டத்துக்குள் நுழையும் இடத்தில் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று ஒட்டிவிடுங்கள். பிறகு சைக்கிளை வெளிச்சத்தில் நிறுத்தி, தேய்மானத்தைப் பாருங்கள். ஹேண்டில் டேப்பில் எந்த இடம் அழுக்கேறி வழவழப்பாக இருக்கிறது? பிரேக் பிடியின் மேலா, அதற்குப் பின்னால் நேர்க்கம்பியிலா? சீட்டில் எந்த இடம் பளபளக்கிறது? அகன்ற பின்பகுதி புதிதுபோல் இருந்து மூக்கு மட்டும் தேய்ந்திருந்தால், ஓட்டியவர் முன்னால் சரிந்துகொண்டே இருந்திருக்கிறார். பழைய சைக்கிள் என்பதால் பாதித் தேய்மானம் முன்னவருடையதாக இருக்கலாம். டேப்பை மாற்றிவிட்டு ஒரு மாதம் ஓட்டினால் உங்கள் கை எங்கே போகிறது என்பது துலக்கமாகத் தெரியும்.

அளவெடுக்க மட்டமான தரை வேண்டும். பழைய வீடாக இருந்தால் முற்றத்தில் செய்யாதீர்கள். மழைநீர் ஓடுவதற்காக அதற்கு வாட்டம் கொடுத்திருப்பார்கள். பட்டாலையோ முகப்போ நல்லது. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையென்றால் கல்லின் கோட்டிலேயே சக்கரங்களை நிறுத்தலாம். கொத்தனாரிடம் ரசமட்டமும் தூக்குக்குண்டும் ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு அவற்றைவிட நல்ல கருவி இல்லை. தரை மட்டம்தானா என்று சந்தேகம் இருந்தால் சைக்கிளைத் திருப்பி நிறுத்தி இன்னொரு முறை அளந்து, இரண்டுக்கும் நடுவை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கால் அளவு. வேட்டியோடு இது நடக்காது. சைக்கிள் ஓட்டும் கால்சட்டையோடு, வெறுங்காலில், சுவரில் முதுகு ஒட்ட நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே, முதுகுப்பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, சீட்டில் உட்காரும்போது எவ்வளவு அழுந்துமோ அவ்வளவு மேலே அழுத்துங்கள். அந்த உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். தரையிலிருந்து குறிவரை உள்ள நீளம் 80 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை 1986, 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் வென்ற கிரெக் லெமாண்ட் பெயரால் வழங்கும் கணக்கில் அதை 0.883ஆல் பெருக்குவார்கள், கிராங்க் அச்சிலிருந்து சீட் உயரம் 70.6 செ.மீ. வரும். ஹாம்லி, தாமஸ் என்ற இருவர் 1967இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த கணக்கு வேறு: கால் அளவில் 109 சதவீதம், பெடலிலிருந்து சீட் வரை. அதாவது 87.2 செ.மீ.; உங்கள் கிராங்கின் 17.25 செ.மீ.யைக் கழித்தால் கிட்டத்தட்ட 70 செ.மீ. ஒரே காலுக்கு இரண்டு கணக்கிலும் 7 மி.மீ. வித்தியாசம். முன்னது கிராங்க் நீளத்தையே பார்ப்பதில்லை. பின்னது குறுகிய நேரத்தில் உச்ச சக்தியை எடுப்பதைப் பற்றிய ஆய்விலிருந்து பிறந்தது, வசதியைப் பற்றியது அல்ல. இரண்டுமே உங்கள் செருப்பின் தடிப்பையோ பாதம் சாயும் விதத்தையோ கேட்பதில்லை. எனவே குறைந்த எண்ணில் தொடங்குங்கள்.

அந்த உயரத்தில் சீட்டை வைத்துத் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருங்கள். குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்னோக்கிச் சுற்றும்போது, பெடல் கீழே போகையில் கால் நேராக நீள வேண்டும். இடுப்பு ஒரு பக்கமாக இறங்கக் கூடாது. பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால் முழங்கால் தானாகவே லேசாக மடங்கும். பெடலைச் சுற்றாமல் கீழே நிறுத்தி எடுத்த படத்தில் அந்த மடிப்பு 25 முதல் 35 டிகிரிக்குள் இருந்தால் போதும். நான் 30ஐ ஒட்டியே வைப்பேன். ஓடும்போது எடுத்த வீடியோவில் அதே மடிப்பு சில டிகிரி கூடுதலாகத் தெரியும்; அதைப் பார்த்துச் சீட்டை ஏற்றிவிடாதீர்கள். இந்த வரம்பை உறுதியாக நம்பலாம். வரம்புக்குள் எந்த எண் உங்களுக்கு என்பதை உங்கள் முழங்கால்தான் சொல்லும். ஒரு முறைக்கு 3 முதல் 5 மி.மீ. மட்டும் மாற்றி, மூன்று நான்கு நாள் ஓட்டிய பிறகே அடுத்த மாற்றம். ஒரே நாளில் இரண்டு இடத்தைத் திருகினால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

முழங்காலின் முன்பக்க வலிக்குத் தாழ்ந்த சீட் முக்கியமான காரணம். பின்பக்கத்தில் வலித்தால் சீட் உயரமாக இருக்கிறதா என்று பார்ப்போம். ஆனால் உங்கள் விஷயத்தில் எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. நீங்கள் கேள்வி கேட்டிருப்பது ஆடி மாதத்தில். திருப்பத்தூர் போவது மேற்கே. காற்று எதிரே வருகிறது. சமவெளிதானே என்று பெரிய கியரில் வைத்து மிதித்தே பழகியவர்கள், இந்தக் காற்றிலும் கியரைக் குறைக்காமல் மல்லுக்கட்டுவார்கள். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது முழங்கால் என்ன செய்யும்? நிமிடத்துக்கு 80, 90 சுற்று வரும்படி கியரை இறக்கி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். வலி அதிலேயே போய்விட்டால் சீட்டின்மேல் பழி போட வேண்டியதில்லை.

இனி கைக்கு வருவோம். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது உள்ளங்கையின் வெளிப்பக்கம் வழியாகப் போகும் அல்நார் நரம்பு அழுந்துவதால். இதில் சந்தேகம் இல்லை. உடம்பின் எடை கையில் இறங்குவதுதான் அழுத்தத்துக்குக் காரணம். எடை ஏன் கையில் இறங்குகிறது என்பதற்கு நான் முதலில் பார்ப்பது சீட்டின் சாய்வை. சீட்டின்மேல் நீளவாக்கில் ஒரு தட்டையான பலகையை வைத்து, அதன்மேல் ரசமட்டத்தை வையுங்கள். மூக்கு கீழே சாய்ந்திருந்தால் நீங்கள் ஒவ்வொரு மிதியிலும் முன்னால் வழுக்குகிறீர்கள், கையால் உங்களைப் பின்னே தள்ளிக்கொண்டே இருக்கிறீர்கள். பள்ளத்தூர்க்காரர் ஒருவர் “அண்ணே, கை செத்துப்போகிறது” என்று வந்தார். ரசமட்டத்தின் குமிழி ஒரு முனையில் போய் ஒட்டிக்கொண்டது. தொடையிடுக்கில் உறுத்துகிறது என்று அவரே மூக்கை இறக்கிவைத்திருந்தார். உறுத்தலுக்குக் காரணம் சீட் உயரம். உயரத்தைக் குறைத்து, மூக்கை மட்டத்துக்குக் கொண்டுவந்ததும் கை விட்டது. மட்டம்தான் தொடக்கம்; தேவைப்பட்டால் ஒன்றிரண்டு டிகிரி கீழே போகலாம், அதற்குமேல் வேண்டாம்.

சீட்டை முன்னும் பின்னும் எங்கே வைப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு அதிகம். கிராங்கைத் தரைக்கு இணையாக நிறுத்தி, முன் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு முடிச்சிலிருந்து தூக்குக்குண்டை இறக்கினால் நூல் பெடல் அச்சின் வழியே விழ வேண்டும் என்பது பழைய விதி. இதற்கு உடலியக்க அடிப்படை இல்லை என்று சைக்கிள் வடிவமைப்பாளர் கீத் பாண்ட்ரேகர் வாதிட்டிருக்கிறார். அவர் சொல்வது சரியென்றே எனக்கும் படுகிறது. நூல் பெடல் அச்சில் விழாவிட்டாலே முழங்கால் வலித்துவிடும் என்பதில்லை. இருந்தும் அந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன், எங்கேயாவது தொடங்க வேண்டுமே. பிறகு ஒரு சோதனை: சமமான சாலையில் ஓரளவு அழுத்தி மிதிக்கும்போது இரண்டு கையையும் கம்பியிலிருந்து ஒரு விரல் உயரத்துக்கு எடுத்துப் பாருங்கள். வண்டிகள் வராத இடத்தில்தான். முன்னால் விழப்போவதுபோல் இருந்தால் சீட்டை 5 மி.மீ. பின்னுக்கு நகர்த்துங்கள். பின்னால் போனால் பெடலிலிருந்து தூரமும் கூடும், 10 மி.மீ. பின்னுக்கு நகர்த்தினால் உயரத்தில் சுமார் 3 மி.மீ. குறைத்துக்கொள்ளுங்கள். பின்னுக்கு நகர்த்தினால் கை இலகுவாகும் என்பது நான் கண்ட அனுபவம். எல்லோருக்கும் அப்படியே நடந்ததில்லை.

இவ்வளவும் முடிந்த பிறகே ஹேண்டில்பார். கையிலுள்ள ஸ்டெம்மைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் போடலாம், காசு செலவில்லை. 6 டிகிரி சாய்வுள்ள 100 மி.மீ. ஸ்டெம்மைத் திருப்பினால் கம்பி கிட்டத்தட்ட 2 செ.மீ. உயரும், அரை செ.மீ. கிட்டே வரும். இதைச் செய்யும்போது வரிசை முக்கியம். முன்சக்கரம் தரையில் இருக்க, பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல்மூடி போல்ட்டைக் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது மேல்மூடியை முதலில் இறுக்க வேண்டும். அதன் வேலை பேரிங்கின் ஆட்டத்தை எடுப்பது மட்டுமே. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, சட்டமும் ஃபோர்க்கும் சந்திக்கும் இடத்தில் விரலை வைத்துச் சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். விரலில் ‘டக்’ என்று தட்டினால் இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும். ஹேண்டில் திரும்பக் கனத்தால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள். அது சரியான பிறகே பக்கவாட்டு போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஸ்டெம்மிலேயே 5 நியூட்டன் மீட்டர் என்பதுபோல் எழுதியிருக்கும். ஆலன் கீயின் 10 செ.மீ. தூரத்தில் 5 கிலோ இழுப்பு என்பதுதான் அது. மீன் நிறுக்கும் தொங்கு தராசைக் கொக்கி போட்டு இழுத்துப் பார்த்தால் கைக்குப் பழகிவிடும். ஆனால் உங்கள் ஃபோர்க்கின் தண்டும் கார்பனாக இருந்தால் தராசு வேண்டாம், டார்க் ரெஞ்ச் வாங்குங்கள். கார்பன் நசுங்குவது வெளியே தெரியாது.

மரத்துப்போவதில் டயருக்கும் பங்குண்டு. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பது காற்றழுத்தத்தின் உச்ச வரம்பு. கல்போல் இருக்கும் வரை அடித்தால்தான் ஓடும் என்று நம்பி எல்லோரும் அதையே அடிக்கிறார்கள். உங்கள் எடைக்கு 25 மி.மீ. டயரில் முன்னே 75, பின்னே 80 பி.எஸ்.ஐ. அளவில் தொடங்கிப் பாருங்கள். சட்டத்திலும் பிரேக்கிலும் இடமிருந்தால் 28 மி.மீ. டயர் போட்டு அதையும் 10 பி.எஸ்.ஐ. குறைக்கலாம். வெயிலில் டயர் வெடித்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு: 10 டிகிரி சூடு ஏறினால் இந்த அழுத்தத்தில் கூடுவது சுமார் 3 பி.எஸ்.ஐ.தான். நம் பக்கம் டயருக்கு எமன் சீமைக் கருவேல முள். சாலையோரம் மண்ணில் சைக்கிளை இறக்கி நிறுத்தாதீர்கள். பஞ்சர் ஒட்டும்போது டயரின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்துப் பாருங்கள், முறிந்த முள் பஞ்சைப் பிடித்துக்கொள்ளும்.

பராமரிப்பைத் தனியாகக் கேட்டிருந்தீர்கள். அதுவும் பொருத்தத்தோடு சேர்ந்ததுதான்: சீட் போஸ்ட் சிறிது சிறிதாக இறங்கினால் நீங்கள் வைத்த உயரம் போய்விடும், வலி திரும்பும்போது உடம்பைச் சந்தேகிப்பீர்கள். டேப் குறியை வாரம் ஒரு முறை பாருங்கள். சில மாதத்துக்கு ஒரு முறை போஸ்ட்டை வெளியே எடுத்துத் துடையுங்கள். அலுமினியப் போஸ்ட் என்றால் மெல்லிய கிரீஸ். கார்பன் என்றால் கிரீஸ் கூடாது, அதற்கென்று விற்கும் பிடிமானப் பசை. இரும்புச் சட்டத்துக்குள் அலுமினியப் போஸ்ட்டைப் பல வருடம் அப்படியே விட்டு, பிறகு அசைக்கவே முடியாமல் அறுத்தெடுத்ததும் உண்டு. இரு உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்தால் அரிப்பு நிச்சயம். அரிப்பை ஆராயும் செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) இருக்கிற ஊரில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நம் வெயிலில் வியர்வைதான் அந்த உப்பு ஈரம். ஹேண்டில் டேப்புக்கு அடியில் அது ஊறி அலுமினியக் கம்பியைத் தின்னும். வருடம் ஒரு முறை டேப்பை உரித்து, வெள்ளைப் பொடியோ குழியோ இருந்தால் கம்பியையே மாற்றிவிடுங்கள்.

செயினில் செம்மண் தூசி எண்ணெயோடு கலந்தால் அரப்பொடிதான். முதலில் துணியால் துடைத்து, ஒவ்வொரு உருளையிலும் ஒரு சொட்டு விட்டு, சுற்றி, கொஞ்ச நேரம் கழித்து வெளிப்பக்கத்தை மறுபடி துடையுங்கள். எண்ணெய் வேலை செய்வது உள்ளே. பழைய என்ஜின் ஆயில் வேண்டாம். தையல் மிஷின் எண்ணெய் அவசரத்துக்கு உதவும், சீக்கிரம் வற்றிவிடும். புதுச் செயினில் ஊசி நடுவிலிருந்து ஊசி நடு வரை 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்கும். இரும்பு ஸ்கேலில் அது 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 வரை விட்டால் பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கான கேசட்டையும் சேர்த்து மாற்ற நேரிடும். கியர் தட்டினால் கேபிள் முனையில் உள்ள திருகைக் கால் சுற்று மட்டும் திருப்பிப் பாருங்கள், செயின் ஓரம் தாண்டி விழாமல் தடுக்கும் எல்லைத் திருகுகளைத் தொடாதீர்கள். பிரேக் கட்டையில் பதிந்த மணலையும் அலுமினியத் துணுக்கையும் ஊசியால் எடுத்துவிட்டால் ரிம் பிழைக்கும்.

என்னால் சொல்ல முடியாதவையும் இருக்கின்றன. ஒரு கால் குட்டையோ என்ற சந்தேகத்தில் செருப்புக்கு அடியில் தகடு வைப்பதை நீங்களாகச் செய்ய வேண்டாம். சைக்கிளை விட்டு இறங்கிச் சில நாளாகியும் விரல் மரத்தே இருந்தாலோ, சட்டைப் பொத்தான் போடப் பிடி தளர்ந்தாலோ, முழங்கால் வீங்கினாலோ அது என்னிடமோ ரசமட்டத்திடமோ கேட்கும் விஷயம் இல்லை, மருத்துவரிடம் போங்கள்.

விற்பதா வேண்டாமா என்பதற்கு வருகிறேன். 170 செ.மீ. உயரத்துக்கு 54 கொஞ்சம் பெரிய பக்கம்தான், ஆனால் தள்ளிவிடும் அளவு இல்லை. அந்த எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி அளக்கிறது. சீட் சரியான இடத்துக்கு வந்து, ஸ்டெம்மைத் திருப்பியும் போட்ட பிறகு, பிரேக் பிடியில் கை வைத்தால் முழங்கை லேசாக மடங்குகிறதா, தோள் காதுவரை ஏறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 90 அல்லது 80 மி.மீ. ஸ்டெம் வாங்குங்கள். 70க்குப் போயும் கை நீட்டியே இருந்தால் சட்டம் உங்களுக்குப் பெரிது, அப்போது விற்கலாம். சீட் உயரம், கால் அளவு, மூக்கிலிருந்து ஹேண்டில் தூரம் மூன்றையும், பக்கவாட்டில் எடுத்த ஒரு படத்தையும் இங்கே போடுங்கள். ஸ்டெம் வாங்கும் முன் பார்த்துச் சொல்கிறேன்.